ஈவென்ட், இன்சிடென்ட், ஆக்சிடென்ட், ஹேப்பன்: ஐஸ்லாந்து மொழியில் எதற்கு எந்தச் சொல்?

வடமீன்:
வணக்கம். எரிமலை, நிலநடுக்கம், பனிச்சரிவு பற்றிய ஐஸ்லாந்துச் செய்திகளை மூலத்திலேயே படிக்கவும், சிறு குறிப்புகள் எழுதவும் வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது ஆங்கில வழி அகராதி. ஈவென்ட் என்று தேடினால் அட்புர்துர், வித்புர்துர், அட்விக், உஹ்பௌகோமா என்று வரிசையாக வருகிறது. ஹேப்பன் என்று தேடினால் கியெரஸ்ட், கோமா ஃபிரிர், வெர்தா, ஹென்டா, எய்கா சியெர் ஸ்டாத். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் எதைப் போடுவது? தமிழ் எழுத்திலேயே விளக்கினால் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

சொற்கொல்லன்:
முதலில் ஒலியை ஒழுங்குபடுத்திவிடுவோம், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம்.

ஐஸ்லாந்தில் எத் என்று ஓர் எழுத்து உண்டு. ‘அது’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘து’வின் மெய்யொலி கிட்டத்தட்ட அதேதான். ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். தோர்ன் என்ற எழுத்து அதன் காற்றொலி இணை (குரல் அதிராமல் காற்று மட்டும் வருவது), சொல்லின் தொடக்கத்தில் வரும். இரண்டையும் இங்கே ‘த’ என்றே எழுதுகிறேன். மேலே கோடு போட்ட ஆ-வை ‘ஔ’ என்று ஒலிக்க வேண்டும். இரட்டை எல் பெரும்பாலும் ‘ட்ல்’ ஆகும், அதனால்தான் எய்யாஃபியட்லாயொகுட்ல் என்ற எரிமலை 2010-இல் வெடித்தபோது அதன் பெயரில் உலகத்துச் செய்தி வாசிப்பாளர்கள் எல்லோரும் தடுமாறினார்கள். இரட்டைப் ப, ட, க-வுக்கு முன்னால் ஒரு மெல்லிய ‘ஹ்’ கேட்கும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

இப்போது பெயர்ச்சொற்கள். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஈவென்ட் என்று ஒரே சொல்லில் அடக்கியதை நாமும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம்:

அட்புர்துர் – நிகழ்வு. நடந்த ஒன்று, யாரும் ஏற்பாடு செய்திருக்க வேண்டியதில்லை. வரலாற்று நிகழ்வு, இயற்கை நிகழ்வு, கதையில் வரும் நிகழ்வு. நிகழ்வுகளின் போக்கு என்பதற்கு அட்புர்தரௌஸ்.

வித்புர்துர் – நிகழ்ச்சி. கச்சேரி, கண்காட்சி, விளையாட்டு, திருவிழா. ஃபேஸ்புக்கின் ஐஸ்லாந்துப் பதிப்பில் ஈவென்ட்ஸ் பகுதிக்கு இந்தச் சொல்லின் பன்மைதான், வித்புர்திர்.

அட்விக் – சம்பவம். போலீஸ் குறிப்பு, மருத்துவமனை அறிக்கை, விமானப் போக்குவரத்து விசாரணை எல்லாவற்றிலும் இது.

உஹ்பௌகோமா – எதிர்பாராமல் கிளம்பும் ஒன்று. மேடையில் திடீரென்று செய்து காட்டும் கலைச்செயலுக்கும் சொல்வார்கள், கூட்டத்தில் வெடிக்கும் சங்கடமான தகராறுக்கும் சொல்வார்கள். இதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நாற்கரம்:
அட்புர்துர், வித்புர்துர் பிரிவு அவ்வளவு இறுக்கமானது இல்லையே. ‘சோகுலெகுர் வித்புர்துர்’ என்று எழுதுகிறார்கள். அது ‘வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு’, யாரும் டிக்கெட் விற்றதில்லை. பழைய எழுத்தில் இரண்டும் நன்றாகவே கலக்கும்.

சொற்கொல்லன்:
சரிதான். ஆனால் கலப்பு ஒரு பக்கமாகத்தான் போகிறது. வித்புர்துர் பெரிய, குறிப்பிடத்தக்க நிகழ்வு வரைக்கும் நீளும். அட்புர்துர் மறுபக்கம் நீளாது: அடுத்த வாரக் கச்சேரியை அட்புர்துர் என்று விளம்பரப்படுத்தினால், அங்கே ஏதோ ஆகப் போகிறது என்கிற தொனி வந்துவிடும். எழுதத் தொடங்குகிறவருக்கு விதி இப்படி இருக்கட்டும்: நாள், நேரம், இடம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா? வித்புர்துர். இல்லையா? அட்புர்துர்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. ‘பெரா’ என்றால் சுமத்தல், கொண்டுவருதல். அதன் பழைய பயன்பாடுகளில் ‘பெரா டில்’, ‘பெரா வித்’ என்றால் நேர்தல். ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸ் தோறும் வாசிக்கப்படும் லூக்கா 2-ஆம் அதிகாரம் ‘என் தாத் பார் டில் உம் தெஸ்ஸர் முன்டிர்’ என்றுதான் தொடங்கும்: அந்நாட்களில் நேர்ந்தது என்னவென்றால். இன்று செய்தியில் ‘பார் டில்’ என்று எழுதினால் வேதாகம வாடை அடிக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

பொன்னி_க:
டில்விக், டில்ஃபெட்லி இரண்டையும் விட்டுட்டீங்களே. ஆங்கிலத்துல கேஸ், இன்ஸ்டன்ஸ்னு வர்ற இடத்துக்கெல்லாம் இதுதான். ‘ஈ தெஸ்ஸு டில்விகி’ன்னா ‘இந்த நேர்வில்’. ‘ஈ ஃப்லெஸ்டும் டில்ஃபெட்லும்’னா ‘பெரும்பாலான நேர்வுகளில்’. ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடலாம். நோய் பாதிச்ச நேர்வுகளை எண்ணும்போது டில்ஃபெட்லி அதிகம். நிரலாக்கத்துல ஒரு கிளாஸோட இன்ஸ்டன்ஸுக்கு டில்விக்.

ஆனா நீதிமன்ற வழக்குங்கிற கேஸுக்கு ரெண்டுமே வராது. அது ‘மௌல்’. இங்கதான் ஆங்கிலம் வழியா வர்றவங்க வழுக்குறாங்க.

தற்செயலுக்கு டில்வில்யுன். ‘ஃபிரிர் டில்வில்யுன்’னா தற்செயலாக. அதோட ‘இட் ஸோ ஹேப்பன்ட் தட்’னு ஆங்கிலத்துல வந்தா ஹேப்பனைத் தேடவே கூடாது, ‘தாத் வில்டி ஸ்வோ டில் ஆத்’னு முழுசா ஒரு தொடரா இருக்கு. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கணும்.

வடமீன்:
நன்றி. ஆக்சிடென்ட்? ஸ்லிஸ் என்று பார்த்தேன், ஓஹஹ்ப் என்றும் பார்த்தேன். விமானச் செய்தி ஒன்றில் இரண்டும் இல்லாமல் அட்விக் என்று இருந்தது.

சொற்கொல்லன்:
விமானத்தில் அது சொல்நயம் இல்லை, சட்டப்படியான வகைப்பாடு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விபத்து, கடுமையான சம்பவம், சம்பவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஐஸ்லாந்தில் அவை முறையே ஃப்லுக்ஸ்லிஸ், அல்வர்லெக்ட் ஃப்லுக்அட்விக், ஃப்லுக்அட்விக். உயிரிழப்போ படுகாயமோ விமானத்துக்குப் பெரிய கட்டமைப்புச் சேதமோ இருந்தால்தான் முதலாவது. இரண்டு விமானங்கள் மோதுவதுபோல் நெருங்கி விலகினால் அது இரண்டாவது. யாருக்கும் கீறல்கூட இல்லாமலிருந்தாலும் ‘கடுமையான’ என்ற அடைமொழி வரும். மொழிபெயர்க்கும்போது இதை ‘விமான விபத்து’ என்று போட்டால் செய்தியே தவறாகிவிடும்.

சாலையில் கோடு வேறு. உம்ஃபெர்தர்ஸ்லிஸ் என்றால் பொதுவாக ஆளுக்குக் காயம் என்று கொள்ளலாம். வண்டி நசுங்கியது, ஆள் பிழைத்தார் என்றால் உம்ஃபெர்தர்ஓஹஹ்ப் என்ற மென்மையான சொல் வரும். மோதலுக்குத் தனியாக ஔரெக்ஸ்டுர்.

ஓஹஹ்ப்பில் உள்ள ‘ஹஹ்ப்’ என்றால் நல்வாய்ப்பு. லாட்டரிச் சீட்டுக்கும் ஹஹ்ப் என்றே தொடங்கும் சொல்தான். வைக்கிங் காலத்தில் இந்தப் பழைய நார்ஸ் சொல் இங்கிலாந்துக்குப் போய் ஹேப்பன், ஹேப்பி, மிஸ்ஹேப் மூன்றையும் பெற்றது. ஆக, ஹேப்பன் என்ற ஆங்கில வினையின் வேர் ஐஸ்லாந்தில் உயிரோடு இருக்கிறது, ஆனால் ‘நடப்பது’ என்ற வினையாக அங்கே அது வளரவில்லை. அதனால் ஒலியை வைத்து ஊகிக்க வேண்டாம்.

கந்தகநதி:
பெயர்ச்சொல் பட்டியல் பாதி வேலைதான். வடமீன் எழுதப் போவது இயற்கைப் பேரிடர் பற்றி என்பதால் சொல்கிறேன்: ஐஸ்லாந்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதற்கென்று ஒரு வினை உண்டு. தமிழில் மழை பெய்கிறது, காற்று அடிக்கிறது, இடி விழுகிறது. மழை நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதே கட்டுப்பாடு அங்கேயும். எல்லாவற்றுக்கும் கியெரஸ்ட் போடுகிறவர் எழுதுவது புரியும், ஆனால் ஒரு வரியிலும் ஐஸ்லாந்து மொழி இருக்காது.

எரிமலை: எல்ட்கோஸ் ‘ஹோஃப்ஸ்ட்’, அதாவது தொடங்கியது. தலைப்பில் ‘எல்ட்கோஸ் எர் ஹாவித்’, வெடிப்பு தொடங்கிவிட்டது. முடிவதற்கு ‘லொய்க்’ அல்லது ‘எர் லோகித்’, ஆனால் அங்கே வேற்றுமை மாறும், கீழே நாற்கரம் சொல்லட்டும். எடுத்துக்காட்டு: வெஸ்ட்மன்னஎய்யார் தீவுக்கூட்டத்தின் ஹெய்மாஎய் வெடிப்பு 1973 ஜனவரி 23 பின்னிரவில் தொடங்கி ஜூலை 3-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ‘எல்ட்கோஸ் ஹோஃப்ஸ்ட் ஈ வெஸ்ட்மன்னஎய்யும்’ என்று தொடங்குங்கள்.

நிலநடுக்கம்: யர்த்ஸ்கியவ்ல்ஃப்டி ‘வர்த்’, அதாவது நேர்ந்தது, என்பது சாதாரணம். ஓரளவு பெரியதென்றால் ‘ரெய்த் இவிர்’ – குதிரையில் ஏறிக் கடந்து போனது என்பது நேர்ப்பொருள். 2000 ஜூன் 17, தேசிய நாளன்று, தென் ஐஸ்லாந்தைக் குலுக்கியதை இப்படித்தான் எழுத வேண்டும். சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் தொடர்ந்து வந்தால் அந்தத் தொகுதிக்கு ஸ்கியவ்ல்ஃப்டஹ்ரீனா, பின்னதிர்வுக்கு எஃப்டிர்ஸ்கியவ்ல்ஃப்டி. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் ஒரு பெரிய முதன்மை அதிர்வு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பனிச்சரிவு: ஸ்னியோஃப்லோத் ‘ஃபியெட்ல்’, விழுந்தது. 1995 ஜனவரி 16-இல் சூதவீக், அதே ஆண்டு அக்டோபர் 26-இல் ஃப்லாட்எய்ரி. முதலாவதில் 14 பேர், இரண்டாவதில் 20 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு ஊர்ப் பெயரும் வரும் எந்தக் கட்டுரையிலும் இந்த வினையைப் பார்ப்பீர்கள்.

புயல்: ‘ஸ்கட்ல் ஔ’, வந்து அறைந்தது. தீ: ‘எல்டுர் கோம் உஹ்ப்’, மேலே வந்தது, போர் என்றால் ‘ப்ரொய்ஸ்ட் ஊட்’, உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. தீக்கும் இரண்டாவது வினை வரும், செய்தியில் முதலாவதுதான் அதிகம்.

வெள்ளம்: இங்கே ‘ஹ்லொய்ப்’ என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். நேர்ப்பொருள் ஓட்டம். பனியாற்றுக்கு அடியில் தேங்கிய நீர் திடீரென்று உடைத்து வருவது யொகுல்ஹ்லொய்ப். இந்தச் சொல் அப்படியே ஆங்கில நிலவியல் நூல்களுக்குப் போய்விட்டது. 1996 செப்டம்பர் 30-இல் வட்னாயொகுட்ல் பனிக்கு அடியில் கியவ்ல்ப் வெடிப்பு தொடங்கியது. உருகிய நீர் க்ரீம்ஸ்வோட்ன் ஏரியில் சேர்ந்து, நவம்பர் 5-இல் ஸ்கெய்தரௌர்சாண்டுர் மணல்வெளியில் பாய்ந்து, வட்டச்சாலையின் பாலங்களைப் பிய்த்துப் போட்டது. காரணமான வெடிப்புக்கும் விளைவான வெள்ளத்துக்கும் நடுவில் ஐந்து வாரம். ஆகவே இரண்டையும் ஒரே அட்புர்துராக எழுதாதீர்கள். வெள்ளம் உச்சத்தை எட்டியது என்பதற்கு ‘ஹ்லொய்பித் நௌதி ஹௌமர்கி’.

2023 நவம்பரில் க்ரின்டவீக் நகரைக் காலி செய்தபோது ‘க்விகுஹ்லொய்ப்’ என்ற சொல் எல்லாச் செய்தியிலும் இருந்தது. பாறைக்குழம்பு நிலத்துக்கு அடியிலேயே விரிசல் வழியாக ஓடுவது. வெளியே வெடிக்கவில்லை. ‘எரிமலை வெடித்தது’ என்று மொழிபெயர்த்தால் பிழை. அந்தத் தொடரின் முதல் வெடிப்பு டிசம்பர் 18-இல்தான் வந்தது.

பொன்னி_க:
கந்தகநதி, இதோட எச்சரிக்கை நிலைகளையும் சேர்த்துடலாம். குடிமக்கள் பாதுகாப்புத் துறை, அதாவது அல்மன்னவர்ட்னிர், மூணு படி வெச்சிருக்கு. ஓவிஸ்ஸுஸ்டிக்: ஏதோ தொடங்கியிருக்கு, அது ஆபத்தாகலாம், கண்காணிப்பைக் கூட்டுறாங்க. ஹைஹ்டுஸ்டிக்: ஆபத்து கூடியிருக்கு, ஆனா இன்னும் பேரிடராகலை. நெய்தர்ஸ்டிக்: நடந்துடுச்சு, இல்ல நடந்துக்கிட்டிருக்கு. 2023 நவம்பர் 10 ராத்திரி க்ரின்டவீக்குக்கு அறிவிச்சது மூணாவது.

வானிலைத் துறையோட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வேற கணக்கு. ரெண்டையும் குழப்பி ‘சிவப்பு நிலை’ன்னு எழுதறதைப் பார்க்க முடியுது. ‘ஸ்டிக்’னு முடிஞ்சா பாதுகாப்புத் துறை, ‘வித்வொருன்’னு முடிஞ்சா வானிலைத் துறை.

நாற்கரம்:
வேற்றுமைக்கு வருவோம். தமிழ் பேசுகிறவருக்கு ஆங்கிலேயரைவிட இது எளிது என்றே சொல்வேன்.

முதலில் வினைகளின் இணை. தமிழில் நடத்து – நட, நிகழ்த்து – நிகழ், முடித்தது – முடிந்தது என்று செய்பவர் உள்ள வினையும் தானாக ஆகும் வினையும் வடிவில் பிரிந்து நிற்கும். ஐஸ்லாந்தில் அந்த வேலையை இறுதியில் சேரும் ‘ஸ்ட்’ செய்கிறது. கியெரா, செய், கியெரஸ்ட், நட. ஹெவ்யா, தொடக்கு, ஹெவ்யஸ்ட், தொடங்கு. ‘க்வாத் கியெர்திஸ்ட்?’ என்றால் என்ன நடந்தது. ‘ஸ்ட்’ போய்விட்டால் யாரோ செய்தார் என்றாகி, எழுவாய் எங்கே என்று வாக்கியம் தவிக்கும்.

அடுத்து, முடிதல். லியூகா என்ற வினை இந்தப் பொருளில் நான்காம் வேற்றுமையை எழுவாய் இடத்தில் கேட்கும். வெடிப்பு முடிந்தது என்பதற்கு ‘கோசித் லொய்க்’ தவறு. ‘கோசினு லொய்க்’ சரி. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘அவருக்குத் தெரியும்’ என்று சொல்லிப் பழகியவருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில் ‘கூட்டத்துக்கு முடிந்தது’ என்று சொல்வதில்லை, அதனால் எந்த வினைக்கு என்று தனியாகப் பழக வேண்டும். இன்னொன்று, எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். கச்சேரி என்பதற்கான டோன்லெய்கர் பன்மைச் சொல். ‘டோன்லெய்குனும் லொய்க்’. ‘லுகு’ என்று பன்மை வினை போட்டால் பிழை.

ரத்து, ஒத்திவைப்பு இரண்டும் இதே குடும்பம். அவ்லீசா, ரத்து செய், ஃப்ரெஸ்டா, ஒத்திவை. இரண்டும் நான்காம் வேற்றுமை கொள்ளும் வினைகள். செயப்பாட்டு வினையாக்கினாலும் அந்த வேற்றுமை விலகாது: ‘டோன்லெய்குனும் வார் அவ்லீஸ்ட்’, கச்சேரி ரத்து செய்யப்பட்டது, ‘ஃபுன்டினும் வார் ஃப்ரெஸ்டத்’, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஹால்டா, நடத்து, இரண்டாம் வேற்றுமை கொள்வது. அதைச் செயப்பாட்டு வினையாக்கினால் எழுவாய் முதல் வேற்றுமைக்கு வந்து, வினையும் அதோடு இணங்கும்: ‘டோன்லெய்கர்னிர் வோரு ஹால்ட்னிர்’. ஒரே கச்சேரி, நடந்தால் ‘வோரு’, ரத்தானால் ‘வார்’. செய்தி எழுதும்போது இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்கும்.

வடமீன்:
மிகத் தெளிவு. ஒருவருக்கு நேர்ந்தது என்று எழுத ஹென்டாவா, கோமா ஃபிரிரா? தமிழ்போல ‘க்கு’ போடலாமா?

நாற்கரம்:
அங்கே மட்டும் தமிழை நம்பாதீர்கள். ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்பது ‘க்வாத் கோம் ஃபிரிர் திக்?’. ‘திக்’ இரண்டாம் வேற்றுமை. நான்காம் வேற்றுமையான ‘தியெர்’ வராது. ஹென்டாவும் அப்படியே: ‘தெஹ்டா கியெடுர் ஹென்ட் அட்லா’, இது எல்லோருக்கும் நேரக்கூடியது.

ஹென்டாவில் ஒரு பொறி உண்டு. எறிதல் என்ற பொருளிலும் அதே வினை, அப்போது நான்காம் வேற்றுமை. ‘ஹென்டி மிக்’, எனக்கு நேர்ந்தது. ‘ஹென்டி மியெர்’, என்னைத் தூக்கி எறிந்தான். ஒரு வேற்றுமைதான் வேறுபாடு. பேச்சில் பாதுகாப்பானது கோமா ஃபிரிர்.

பொன்னி_க:
‘ஹேட் அன் ஆக்சிடென்ட்’னு ஆங்கிலத்துல இருந்தா? ‘ஹவா ஸ்லிஸ்’னு எழுதறாங்க பாருங்க, அப்படி ஒண்ணு கிடையாது. ‘லென்டா ஈ ஸ்லிசி’, விபத்தில் போய்ச் சிக்கினார். லென்டான்னா நேர்ப்பொருள் தரையிறங்குறது. இல்லேன்னா ‘வெர்தா ஃபிரிர் ஸ்லிசி’, விபத்துக்கு ஆளானார். காயம்பட்டாங்கன்னா தனி வினை, ஸ்லசஸ்ட். ரெண்டு பேர் காயம்: ‘டுவெய்ர் ஸ்லொசுதுஸ்ட்’. சம்பவ இடம்னா வெஹ்ட்வௌங்குர்: போலீஸ் அங்க வந்துச்சுன்னா ‘ஔ வெஹ்ட்வௌங்’, அங்கேயே இருக்காங்கன்னா ‘ஔ வெஹ்ட்வௌங்கி’. போறதுக்கு இரண்டாம் வேற்றுமை, இருக்கறதுக்கு நான்காம் வேற்றுமை.

சொற்கொல்லன்:
எய்கா சியெர் ஸ்டாத் இன்னும் பாக்கி. நேர்ப்பொருள் ‘தனக்கென்று ஓர் இடம் உடையது’. ஆங்கில டேக் பிளேஸுக்கு இணை என்று அகராதி சொல்லும். செய்தியில் தாராளமாகப் புழங்குகிறது, ஆனால் என் கருத்தில் இது சோம்பேறித் தொடர். விபத்து நேற்று நடந்தது என்பது ‘ஸ்லிசித் வர்த் ஈ கியைர்’ என்று மூன்று நான்கு சொல்லில் முடிவதை ‘ஸ்லிசித் ஔஹ்டி சியெர் ஸ்டாத் ஈ கியைர்’ என்று இழுப்பதில் என்ன லாபம்?

முன்கூட்டித் திட்டமிட்டதற்கு ‘ஃபரா ஃப்ரம்’ இருக்கிறது. தேர்தல், போட்டி, உச்சிமாநாடு. ரீகனும் கோர்பச்சேவும் 1986 அக்டோபர் 11, 12 தேதிகளில் ரெய்க்யவீக்கின் ஹொவ்தி மாளிகையில் சந்தித்தது: ‘லெய்த்டோகஃபுன்டுரின் ஃபோர் ஃப்ரம் ஈ ஹொவ்தா’. விபத்துக்கு ஃபரா ஃப்ரம் போட்டால் யாரோ திட்டமிட்டு நடத்தியதாக ஆகிவிடும். அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

கந்தகநதி:
சொல்வரிசை. ஐஸ்லாந்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. ‘தாத் வர்த் ஸ்லிஸ் ஈ கியைர்’, நேற்று ஒரு விபத்து நடந்தது. நேற்று என்பதை முன்னால் கொண்டுவந்தால் ‘ஈ கியைர் வர்த் ஸ்லிஸ்’. ‘தாத்’ காணாமல் போக வேண்டும். அது முதலிடத்தை நிரப்ப மட்டுமே நின்ற வெற்றுச்சொல், இடம் நிரம்பிய பிறகு அதற்கு வேலை இல்லை. ஆங்கிலம் வழியாக எழுதுகிறவர்கள் ‘ஈ கியைர் தாத் வர்த்’ என்று எழுதுவது வழக்கமான பிழை.

நேரம் குறிக்கும்போது இன்னும் சில இடங்கள். ‘ஔ மௌனுடகின்’ போன திங்கட்கிழமையையும் குறிக்கும், வரும் திங்கட்கிழமையையும் குறிக்கும். வினையின் காலம்தான் காட்டிக்கொடுக்கும். தலைப்பில் வினை இல்லாவிட்டால் பின்னால் ‘வார்’ இருந்தால் போனது, ‘கியெமுர்’ இருந்தால் வருவது. ‘ஈ நோஹ்ட்’ அப்படியே: கடந்த இரவும் அதுதான், இந்த இரவும் அதுதான். ‘ஹௌல்வ் த்ரியூ’ என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி. வெடிப்பு தொடங்கிய நேரத்தை ஒரு மணி தள்ளிப் போட்டால் காலவரிசையே குலைந்துவிடும்.

மூன்று நாள் முன்பு: ‘ஃபிரிர் த்ரெமுர் டொகும்’, நான்காம் வேற்றுமை. மூன்று நாள் கழித்து: ‘எஃப்டிர் த்ரியௌ டாகா’, இரண்டாம் வேற்றுமை.

நாற்கரம்:
பன்மையில் மட்டுமே வரும் நிகழ்வுப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். டோன்லெய்கர், கச்சேரி, கோஸ்னிங்கர், தேர்தல், யோல், கிறிஸ்துமஸ், பௌஸ்கர், ஈஸ்டர், ஹம்ஃபரிர், பேரிடர். இவற்றை எண்ணச் சாதாரண எண்ணுப்பெயர் வராது. ஒரு கச்சேரி ‘எய்னிர் டோன்லெய்கர்’. இரண்டு ‘ட்வென்னிர்’, மூன்று ‘த்ரென்னிர்’, நான்கு ‘ஃபெர்ட்னிர்’. பெண்பால் என்றால் ‘ட்வென்னர் கோஸ்னிங்கர்’, அஃறிணை என்றால் ‘ட்வென் யோல்’.

திரிபு எதிலும் சந்தேகம் வந்தால் பீன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் திரிபுத் தரவுத்தளத்தைப் பாருங்கள். ஔர்ட்னி மக்னூஸ்ஸோன் நிறுவனத்துடையது, இலவசம். அதே நிறுவனத்தின் மௌலித் தளத்தில் ஒரே தேடலில் பல அகராதிகள் வரும். ஐஸ்லாந்து விசைப்பலகையை நிறுவிக்கொண்டு தேடுங்கள். எத் இடத்தில் ஆங்கில டி போட்டால் வேறு சொல்லுக்குப் போய்விடும்.

பொன்னி_க:
அனுபந்தமா ஒண்ணு: பெரிய நிகழ்வுகளுக்கு ஐஸ்லாந்துக்காரங்க தனிப் பெயரே வைக்க மாட்டாங்க பல நேரம். சாதாரணப் பெயர்ச்சொல்லோட கடைசியில சுட்டு ஒட்டு சேர்த்துடுவாங்க. ‘ஹ்ருனித்’, அந்தச் சரிவு. அதுன்னா 2008 அக்டோபர்ல மூணு பெரிய வங்கியும் கவிழ்ந்தது. செய்தியில வெறும் ‘எஃப்டிர் ஹ்ருன்’னு பார்த்தா ‘சரிவுக்குப் பிறகு’ன்னு பொத்தாம் பொதுவா எழுதாம, 2008 வங்கிச் சரிவுன்னு விளக்கிடுங்க. தமிழ் வாசகருக்கு வேற வழியில தெரியாது.

வடமீன்:
எல்லோருக்கும் நன்றி. இதுவரை சொன்னதை வைத்து நான்கு வரி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று: எல்ட்கோஸ் ஹோஃப்ஸ்ட் ஔ ரெய்க்யனெஸ்ஸ்காகா 18. டெசெம்பெர் 2023.
இரண்டு: கோசினு லொய்க் 21. டெசெம்பெர்.
மூன்று: ஈ கியைர் வர்த் ஸ்லிஸ், டுவெய்ர் ஸ்லொசுதுஸ்ட்.
நான்கு: டுவெய்ர் டோன்லெய்கர் வோரு அவ்லீஸ்டிர். இரண்டு கச்சேரிகள் ரத்து என்ற பொருளில்.

நாற்கரம்:
முதல் இரண்டும் அப்படியே அச்சுக்குப் போகலாம். எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்தீர்கள் பாருங்கள், அது அவசியம். அங்கே அது ‘ஆம்’ விகுதியின் வேலையைச் செய்கிறது. மூன்றில் காற்புள்ளிக்குப் பதில் ‘ஓக்’, அதாவது ‘மற்றும்’, போட்டால் நன்றாக ஓடும்.

நான்கில் மூன்று இடம் மாற வேண்டும். டோன்லெய்கர் பன்மைச் சொல் என்பதால் ‘டுவெய்ர்’ வராது, ட்வென்னிர் குடும்பம் வேண்டும். அவ்லீசா நான்காம் வேற்றுமை கேட்பதால் அது ‘ட்வென்னும் டோன்லெய்கும்’ ஆகும். எழுவாய் முதல் வேற்றுமையில் இல்லாததால் வினை இணங்காமல் ‘வார் அவ்லீஸ்ட்’ என்று ஒருமையில் நிற்கும். முழு வரி: ட்வென்னும் டோன்லெய்கும் வார் அவ்லீஸ்ட்.

கந்தகநதி:
ரத்துக்குக் காரணம் புயல் என்றால் ‘வெக்னா ஓவெதுர்ஸ்’ என்று கடைசியில் சேருங்கள். வெக்னாவுக்கு ஆறாம் வேற்றுமை, அதனால்தான் அந்த ‘ஸ்’.